நாற்காலி நம்பாத ராணி

வாயால் சொல்வதை இந்த அறையில் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியாது. ஆறுமுகநேரி உப்பளத்திலிருந்து வேனில் வந்து இறங்கியவர்கள் அவர்கள். ஏசி குளிருக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மெத்தென்ற நாற்காலிகளில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் கருத்த, நெடிய ஒரு பெண் அரசவைக்குள் நுழைந்தாள். இடுப்பில் வாள். இரண்டு பக்கமும் எழுந்து நின்ற கூட்டத்தைப் பார்த்தும் பார்க்காமலும் நடந்துபோய் அரியணையில் அமர்ந்தாள். ஒரு வசனம்கூட இல்லை. விளக்குகள் எரிந்தன.

"எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டான் இயக்குநர் கதிரேசன்.

"நம்ம பிள்ள மாதிரில்லா இருக்கா!" என்றாள் முன்வரிசையில் இருந்த அன்னப்பழம். "என்னா நடை! எங்க கங்காணி பாத்தாம்னா ஓடியே போயிருவான்."

"அப்போ நாளைக்கு நீயும் இப்படி நடந்து வா" என்றாள் பக்கத்தில் இருந்தவள். "அவன் ஓடுதானா, ஒன்னய ஓட விடுதானான்னு பாப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். யாரோ கைதட்டத் தொடங்க, அறை முழுக்கக் கைதட்டல்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த வடிவு சிரிக்கவில்லை. அவள் முன்னாலிருந்த சின்னத் திரையில் ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு கோடு ஓடியது. ராணி வாசலில் தெரிந்த கணத்தில் எல்லாக் கோடுகளும் விழுந்திருந்தன. அன்னப்பழத்தின் கோடுதான் எல்லாவற்றுக்கும் கீழே கிடந்தது.

"இவங்க பொய் சொல்றாங்களா?" என்று கேட்டாள் மிருணாளினி. தொடருக்குப் பணம் போடும் நிறுவனத்தின் ஆள். மும்பையிலேயே வளர்ந்த தமிழ்ப்பெண். நாற்காலிகளை அவள் நேரில் பார்ப்பது இதுதான் முதல்முறை.

"பொய் இல்ல மேடம். அவங்களுக்கே தெரியாது." வடிவு திரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேச அவளுக்கு வராது. "ஒரு கதைய நம்பிட்டோம்னா நம்ம மூச்சு, தோல் சூடு, கண்ணு எல்லாம் ஒரு மாதிரி அடங்கும். 'இது வேஷம்'னு உடம்புக்குத் தோணுச்சுன்னா உடனே கலைஞ்சிரும். சேர் அதை மட்டும்தான் பாக்கும். மனசு என்ன நினைக்குது, வாய் என்ன சொல்லுதுன்னு அதுக்குக் கவலை இல்ல."

"ஆக இவங்க கைதட்டினாங்க. ஆனா நம்பல."

"ஆமா மேடம்."

"நீங்கதானே கேட்டீங்க, இந்த ஊர்க்காரங்களைக் கூட்டிட்டு வரணும்னு?"

வடிவு தலையசைத்தாள். அண்ணாநகர்க்காரர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் உட்கார்ந்து பார்த்தபோது கோடு விழுந்தது. அவர்கள் பட்டணத்துக்காரர்கள், வெளுத்த ராணிகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள், அதனால்தான் என்று அவள் நினைத்தாள். அந்த ராணியைப் போலவே இருக்கிறவர்களை உட்கார வைத்தால் கோடு நிமிர்ந்து நிற்கும் என்று கதிரேசனிடம் மன்றாடி, இவர்களை வரவழைத்திருந்தாள். இவர்களிடம் அது இன்னும் கீழே போய்விட்டது.

அடுத்து இஷானியின் காட்சியைப் போட்டார்கள். இஷானி சண்டிகரில் பிறந்தவள், பால் நிறம். அவள் முகத்திலும் கைகளிலும் ஒப்பனைக்காரர்கள் காலையெல்லாம் உட்கார்ந்து கருஞ்சாயம் பூசியிருந்தார்கள். அதே அவை, அதே வாள்.

"யாத்தாடி, மூஞ்சில தாரை ஊத்தின மாதிரில்லா இருக்கு" என்று அன்னப்பழம் பக்கத்தில் இருந்தவளின் காதில் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் கோடு மெல்ல எழுந்து, மேலே போய், அங்கேயே நின்றது.

*

தாமிரபரணிக் கரையில் கொம்மடிமேடு என்ற இடத்தில் தோண்டியபோது ஒரு பெரிய ஈமத்தாழி கிடைத்திருந்தது. உள்ளே எலும்புகள், சங்கு வளையல், துருப்பிடித்த நீள வாள். வாள் இருந்ததால் அரசன் என்றார்கள். துறைமுகத்தை ஆண்ட ஒரு தலைவனைப் பற்றி ஒரு தொடர் எடுப்பதாக முடிவாகி, கதிரேசன் ஒரு நடிகரை வைத்துச் சோதனைக் காட்சியும் எடுத்துவிட்டான். அந்த நடிகரும் கருப்புதான். நாற்காலிகள் அவரை வாசலிலேயே நம்பிவிட்டன.

பிறகு எலும்பு ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது. தாழியில் இருந்தது பெண். நெடிய உருவம். இடது கை ஒருமுறை முறிந்து கூடியிருக்கிறது. வாள் அவளுடையதுதான், பிடித்துப் பிடித்து வலது தோள் எலும்பு தடித்திருக்கிறது. இப்போதெல்லாம் எலும்பிலிருந்து தோலின் நிறத்தையும் சொல்லிவிடுகிறார்கள். நல்ல கருப்பு.

கதிரேசன் துள்ளிக் குதித்தான். "இந்த ஊர்ல முதல் தடவையா உண்மையான ஒரு ராணியக் காட்டப்போறோம்" என்று எல்லோரிடமும் சொன்னான். தேடித் தேடி, மதுரை நாடகக்குழு ஒன்றிலிருந்து பேச்சித்தாயைக் கூட்டிவந்தான். மேடையில் அவள் பெரிய பாத்திரங்களைச் செய்கிறவள். சினிமாவில் அவளுக்கு வாய்த்தவை வேறு. பாத்திரம் தேய்க்கிறவள், பைத்தியம், பிணத்தின் மேல் விழுந்து அழுகிற தாய். முப்பத்தெட்டு வயதில் முதல்முறையாக அவளிடம் ஒருவன் வந்து நிமிர்ந்து நடக்கச் சொல்லியிருக்கிறான்.

பேச்சித்தாய் வடிவின் உடன்பிறந்த அக்கா. அதை அலுவலகத்தில் வடிவு யாரிடமும் சொல்லவில்லை. நாற்காலிப் பிரிவில் இருப்பவர்களின் சொந்தக்காரர்கள் நடிக்க வந்தால் தெரிவிக்க வேண்டும் என்று விதி இருந்தது. சொன்னால் அக்காவை ஆரம்பத்திலேயே தள்ளிவிடுவார்கள், அதனால்தான் சொல்லவில்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கேன்டீனில் இரண்டு பேரும் வேறு வேறு மேசையில் சாப்பிட்டார்கள்.

"மேடம், அந்த ஊறுகாயக் கொஞ்சம் தள்ளுங்களேன்" என்று பேச்சி சத்தமாகக் கேட்பாள். வடிவு ஊறுகாய்க் கிண்ணத்தை நீட்டும்போது மட்டும் குரலைத் தாழ்த்துவாள். "ஏட்டி மேடம், வீட்டுல கெணத்து மோட்டார் ஓடலையாம். அம்மா ஒன்னயக் கூப்பிட்டா நீ எடுக்க மாட்டேங்கியாமே."

அன்று உப்பளத்துப் பெண்கள் வேனில் ஏறிப் போன பிறகு பேச்சி அதேபோல ஊறுகாய் கேட்டு வந்தாள்.

"என்னாச்சு? நம்ம ஊர்க்காரிய பாத்தாவளா?"

"பாத்தாங்க."

"என்ன சொன்னாவ?"

"கைதட்டுனாங்க."

பேச்சியின் முகம் மலர்ந்தது. பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்தாள். "கையி தட்டுச்சு. நாற்காலி?"

வடிவு ஊறுகாய்க் கிண்ணத்தை நீட்டினாள்.

"ஆம்பள கருப்பா இருந்தா வீரங்காவ. பொம்பள கருப்பா இருந்தா பாவங்காவ" என்று சொல்லிவிட்டுப் பேச்சி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தன் மேசைக்குப் போனாள். நடக்கும்போது ஒருமுறைகூட அவள் தோள் தாழவில்லை.

*

மிருணாளினி வெள்ளிக்கிழமை முடிவு என்று சொல்லிவிட்டாள்.

நாற்காலியில்தான் தப்பு இருக்க வேண்டும் என்று வடிவு யோசித்தாள். யோசிக்க யோசிக்க அது எங்கே என்பதும் பிடிபட்டது. தப்பு செய்தவளே அவள்தான்.

ஒருவரை உட்கார வைத்ததும் அவருடைய உடம்பு நம்பும்போது எப்படி இருக்கும் என்பதை நாற்காலி முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்காக ஒரு சின்னப் படத்தொகுப்பைப் போட்டுக்காட்டுவார்கள். பழக்கச்சுருள் என்று பெயர். சரித்திரத் தொடர்களுக்கான பழக்கச்சுருளை வேலையில் சேர்ந்த புதிதில் வடிவுதான் வெட்டி ஒட்டினாள். எல்லோரும் மறுபேச்சில்லாமல் நம்புகிற காட்சிகள் வேண்டும் என்றார்கள். அவளும் பழைய ராஜா ராணிப் படங்களிலிருந்து அள்ளி எடுத்துப் போட்டாள். இப்போது அதைத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். சிவந்த ராணி, ரோஜா நிற ராணி, சந்தன நிற ராணி. அவர்களுக்குப் பின்னால் சாமரம் வீசுகிறவர்கள் கருப்பு. தீவட்டி பிடித்தவர்கள் கருப்பு. ராணி என்றால் என்ன என்று நாற்காலிக்குச் சொல்லிக்கொடுத்ததே இந்தச் சுருள்தான்.

வடிவுக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. தன் தப்பு என்றால் திருத்திவிடலாம்.

பழைய சுருளைத் தூக்கிப்போட்டாள். ராணியே இல்லாத புதிய சுருள் ஒன்றைச் செய்தாள். மழையில் ஒதுங்கி நிற்கும் ஆட்கள், பிள்ளைக்குத் தலைவாரும் ஒரு தாய், சந்தையில் மீன் வெட்டுகிறவர், பேருந்தில் தூங்கி விழும் கிழவர். யார் உடம்பும் நம்பும் சாதாரணக் காட்சிகள். முதலில் தன்னையே வைத்துச் சோதித்துவிடலாம் என்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது நாற்காலியில் உட்கார்ந்து, அதன் அளவுப் பட்டைகளைக் கையில் மாட்டிக்கொண்டாள்.

தனக்குக் கோடு நிமிரும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அக்காவின் அந்த நடை அவளுக்குப் புதிதில்லை. ஊரில் ஒரு கோடையில், தெருவுக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் லாரியை வேறு தெருவுக்குத் திருப்பிவிட்டார்கள். பேச்சி பாவாடை தாவணியில் போய் லாரி முன்னால் நின்றாள். கத்தவில்லை. கையைக்கூடத் தூக்கவில்லை. சும்மா நின்றாள். டிரைவர் இறங்கிவந்து, "தங்கச்சி, வழி விடும்மா, தண்ணி ஊத்திட்டே போறேன்" என்று கும்பிட்டான். அவள் பின்னால் குடத்தோடு நின்ற வடிவு அன்றைக்கு உலகத்தில் அக்காவைவிடப் பெரிய ஆள் யாரும் இல்லை என்று நினைத்தாள்.

சுருள் ஓடி முடிந்தது. அவை தெரிந்தது. கதவு திறந்தது. பேச்சி உள்ளே வந்தாள்.

கோடு விழுந்தது.

வடிவு மறுபடி ஓட்டினாள். மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு ஓட்டினாள். தண்ணீர் லாரியை நினைத்துக்கொண்டு ஓட்டினாள். ஒவ்வொரு தடவையும் அக்காவின் முகம் கிரீடத்தோடு வாசலில் தெரிந்த அதே இடத்தில் கோடு விழுந்தது. அன்னப்பழத்தின் கோடு எங்கே கிடந்ததோ அங்கேதான் இவளுடையதும் கிடந்தது.

எந்தச் சோதனைக் காட்சியையும் வேஷம் மாற்றிப் பார்ப்பது நாற்காலிப் பிரிவின் வழக்கம். நடிகரின் முகமும் நடையும் அப்படியே இருக்க, உடையையும் பின்னணியையும் மட்டும் இயந்திரம் மாற்றித் தரும். உடை பொருந்தவில்லையா, ஆள் பொருந்தவில்லையா என்று அதில் தெரிந்துவிடும். வடிவின் கை பழக்கத்தில் அதையே செய்தது. கிரீடத்தை எடுத்தாள். பட்டுச்சேலையை எடுத்தாள். வெளுத்த பருத்திச் சேலை, கையில் ஒரு செம்பு, அரியணை இருந்த இடத்தில் சமையற்கட்டின் வாசல். நடை அதேதான். பார்வை அதேதான். தோள் அதேபோல் நிமிர்ந்துதான் இருந்தது.

கோடு எழுந்தது. தடையே இல்லாமல் மேலே போய் உச்சியைத் தொட்டது. இஷானியைப் பார்த்தபோதுகூட யாருக்கும் அது அவ்வளவு எழுந்ததில்லை.

வடிவு பட்டைகளை அவிழ்த்துவிட்டு எழுந்தாள். காது மடல்கள் எரிந்தன. பார்க்க யாருமில்லாத அறையில் யாரோ பார்த்துவிட்டதுபோல் கதவைத் திரும்பிப் பார்த்தாள். செம்பு ஏந்திய காட்சியையும் அதன் கோட்டையும் அழித்தாள். ராணிக் காட்சியின் கோட்டை மட்டும் வைத்துக்கொண்டாள்.

*

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் மூன்றே பேர். கதிரேசன் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தான். மிருணாளினி மடிக்கணினியைத் திறக்கவே இல்லை.

"பேச்சித்தாய் பிரமாதமான நடிகை. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல" என்றாள் மிருணாளினி. "ஆனா பாருங்க கதிர், வாள் பிடிச்சது பொண்ணுன்னு சொன்னதையே ஜனங்க பாதிதான் முழுங்கியிருக்காங்க. அதுக்கு மேல கருப்பு ராணின்னா தாங்காது. ஒரு தொடருக்கு ஒரு புரட்சி போதும்."

"தாழியில இருந்த அந்தம்மா கருப்புதானே மேடம்? எலும்பே சொல்லுதே."

"இஷானியும் கருப்பாத்தான் வர்றா. நிறம் சரியாத்தானே பூசியிருக்கீங்க?"

கதிரேசன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தான். இதற்கு மேல் அவன் பேச மாட்டான் என்று வடிவுக்குத் தெரிந்தது. இந்தத் தொடர் போனால் அவனுக்கு அடுத்தது கிடையாது.

"நான் ஒண்ணு சொல்லலாமா?" என்றாள் வடிவு.

இந்த அறையில் யாரும் கேட்காமல் அவள் பேசியதே இல்லை. இரண்டு பேரும் திரும்பினார்கள். அவள் மேசையில் இருந்த தண்ணீர் வட்டத்தைப் பார்த்துப் பேசினாள்.

"பேச்சித்தாய் என் கூடப்பொறந்த அக்கா. மறைச்சது என் தப்பு. அதுக்கு என்ன நடவடிக்கை வேணா எடுங்க. அவளைப் பத்தி எனக்குத் தெரியும். அவ தெருவுல நடந்து போனா ஆளுங்க பேச்ச நிறுத்துவாங்க. நான் சின்னதுலயிருந்து பாத்திருக்கேன். இந்த உலகத்துலயே அவளை ராணியா நம்பறதுக்கு ஒருத்தி உண்டுன்னா அது நான்தான்." அவள் தண்ணீர் வட்டத்தை விரலால் துடைத்தாள். "நேத்து நானே சேர்ல உக்காந்தேன். என் கோடும் விழுந்துருச்சு."

கோட்டைத் திரையில் போட்டாள். தன் உள்பாவாடையைக் கொடியில் காயப்போட்டதுபோல அது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

"சேர்ல தப்பு இல்ல. சுருளைக்கூட மாத்திப் பாத்துட்டேன். தப்பு எங்கிட்ட இருக்கு. எங்க எல்லார்கிட்டயும் இருக்கு. அவ ராணி இல்லன்னு இந்தக் கோடு சொல்லல மேடம். எங்களுக்குப் பாக்கத் தெரியலன்னுதான் சொல்லுது. அதனால இதை வெச்சு முடிவு பண்ணாதீங்க. அவளை எடுங்க. ஒரு தடவை பாத்தாத்தான அடுத்த தடவை நம்புவாங்க?"

கதிரேசன் நிமிர்ந்து உட்கார்ந்தான். மிருணாளினி கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் கனிந்திருந்தது. ஒரு கணம் வடிவுக்கு நம்பிக்கை வந்தது.

"இதைச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு எனக்குப் புரியுது" என்றாள் மிருணாளினி. "நானும் என் வீட்டுல கருப்புதான். பாட்டி எனக்கு மட்டும் மஞ்சள் அரைச்சுத் தேய்ப்பாங்க." பிறகு மெதுவாக, "ஆனா, கூடப்பொறந்த தங்கச்சியே நம்பலன்னா, காசு கட்டிப் பாக்கிறவங்களை நான் எப்படி நம்பச் சொல்வேன்? அந்த முதல் தடவைய வேற யாராவது எடுக்கட்டும். அதை எடுக்க எனக்கு அதிகாரம் இல்ல."

அவள் எழுந்தாள். போகும்போது வடிவின் தோளைத் தொட்டாள். "உண்மையாச் சொல்றேன். எனக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தயக்கமும் போயிருச்சு. தேங்க்ஸ்."

*

வெளியே ஒப்பனை அறை வாசலில் பேச்சி காத்திருந்தாள். கதிரேசனே போய்ச் சொன்னான். மூன்று பேரும் நிற்கிற அளவுக்குத்தான் அந்த நடைபாதையில் இடம் இருந்தது. அதனால் வடிவால் விலகிப் போகவும் முடியவில்லை.

"அக்கா, மன்னிச்சிருங்க. எவ்வளவோ பேசிப் பாத்தோம்" என்றான் அவன். "உங்க தங்கச்சி தன்னோட வேலையையே பணயம் வெச்சுப் பேசுனாங்க. தானே சேர்ல உக்காந்து, தனக்கே வரலன்னுகூட வெளிப்படையாச் சொல்லிட்டாங்க. அப்படியும் மேடம் கேக்கல."

அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். பேச்சி அவனைப் பார்த்தாள். தங்கையைப் பார்க்கவில்லை.

"தனக்கே வரலன்னு சொன்னாளா?"

"அது... சேர் அப்படித்தான்க்கா. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. ராணிக்கு ஒரு தோழி இருக்கா, ஆரம்பத்துலயிருந்து கடைசி வரைக்கும் கூடவே வர்ற வேஷம். அதை நீங்கதான் பண்ணணும். அது உங்களுக்கு அப்படியே பொருந்தும்."

"தோழின்னா, செம்பு தூக்கணுமா?"

"செம்பும் தூக்கலாம். கத்தியும் எடுக்கலாம். எழுதிக்கலாம்க்கா."

"யோசிச்சுச் சொல்லுதேன் தம்பி" என்று பேச்சி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "இஷானிப் பொண்ணு நடக்கும்போது கீழ பாக்குது. கால் தடுக்கிரும்னு பயம் போலிருக்கு. பாத்துச் சொல்லுங்க."

பூந்தமல்லிச் சாலையில் இருந்த பேருந்து நிறுத்தம் வரைக்கும் இரண்டு பேரும் நடந்தார்கள். நிழற்குடையில் இடம் இருந்தும் வடிவு உட்காரவில்லை. அக்கா பக்கத்தில் உட்கார அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"யக்கா" என்றாள் கடைசியில். "நான் ஒனக்காகத்தான்..."

"தெரியும்ட்டி."

"எனக்கு எப்படி அப்படி வந்துச்சுன்னே தெரியல. நான் மனசார..."

"மனசு கெடக்கட்டும். எனக்கு மட்டும் வந்துச்சாக்கும்?" பேச்சி சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அந்தக் கிரீடத்தத் தலையில வச்சுக் கண்ணாடியக் காட்டுனாவ. எனக்கே சிரிப்பு வந்துட்டு. எவளோ மாறுவேஷப் போட்டிக்கு வந்த மாதிரி இருந்துச்சு. அதுக்கு மேலதான நடந்தேன். வந்த சிரிப்ப முழுங்கிட்டு நடந்ததுக்குப் பேருதான நடிப்பு?"

வடிவு அழுதாள். சத்தம் வராமல் அழ அவளுக்குத் தெரியும்.

"ஒண்ணு கேக்குதேன். நேராச் சொல்லு" என்றாள் பேச்சி. "வேஷம் மாத்திப் பாப்பீங்கள்லா நீங்க. என்னையும் பாத்திருப்ப."

வடிவு தரையைப் பார்த்தாள்.

"செம்போட பாத்தியா?"

இல்லை என்று சொல்ல வடிவின் வாய் திறந்தது. கூட்டத்தில் மறைத்தாயிற்று, காட்சியை அழித்தாயிற்று, இங்கே ஒரு சொல் போதும். ஆனால் பேச்சி இப்போது திரும்பித் தங்கையின் கழுத்தையும் காதையும் கண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தப் பட்டையும் மாட்டாமலே.

"பாத்தேன்."

"ஏறுச்சா?"

"ஏறுச்சுக்கா."

"எம்புட்டு?"

"முழுசா."

ஒரு தண்ணீர் டேங்கர் அவர்களைத் தாண்டிப் போனது. அது போகும்வரை பேச்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் வடிவுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அப்போ அந்தத் தோழி வேஷம் எனக்கு வேண்டாம்" என்றாள் பேச்சி. "நான் சும்மா வந்து நின்னாலே நம்புவாவன்னா, அங்க எனக்கு என்ன வேல இருக்கு?"

பேருந்து வந்தது. பேச்சி படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அந்த ராணிப் படத்த அழிச்சிருவாவளா?"

"இல்லக்கா. ஸ்டோர்ல இருக்கும்."

"நாளைக்கு மறுபடி உக்காந்து பாரு. நாளான்னைக்கும் பாரு. ஏறுனா எனக்கு போன் போடு. ஏறலன்னாலும் போடு. ஆனா பொய் சொல்லாத."

*

தொடர் வெளிவந்தது. இஷானியின் கருமையழகைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. ஒப்பனைக்காரருக்கு விருது கிடைத்தது. மதுரையில் பேச்சி மறுபடி மேடை ஏறினாள். உறவை மறைத்ததற்காக வடிவை ஒரு படி கீழே இறக்கி, பழைய சோதனைக் காட்சிகளைப் பராமரிக்கும் அறையில் போட்டார்கள். அங்கே ஓரத்தில் ஒரு பழுதுபார்த்த நாற்காலி கிடந்தது.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் வடிவு அதில் உட்காருவாள். பட்டைகளை மாட்டிக்கொள்வாள். கதவு திறக்கும். அக்கா உள்ளே வருவாள். இப்போது அவளுக்கு அந்த நடையின் ஒவ்வோர் அடியும் மனப்பாடம். எந்த இடத்தில் சிரிப்பை விழுங்கியிருக்கிறாள் என்பதுகூடத் தெரியும். வெளுத்த ராணிகளையும் தான் இப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் நம்பக் கற்றிருக்க வேண்டும் என்று ஒருநாள் தோன்றியது. அதற்காக அவள் அப்போது பாடுபட்டதாக நினைவில்லை.

அன்றும் பட்டையை அவிழ்த்துவிட்டு போனை எடுத்தாள்.

"இன்னைக்கு?" என்றாள் பேச்சி. பின்னால் ஒத்திகைச் சத்தம். யாரோ வசனத்தை மறந்து திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

வடிவு திரையில் கிடந்த கோட்டைப் பார்த்தாள். கொஞ்சம் ஏறியது என்று சொல்லிவிட்டால் என்ன என்று இருந்தது. அக்கா சந்தோஷப்படுவாள்.

"இல்லக்கா."

"சரி. நாளைக்கும் உக்காரு" என்றாள் பேச்சி. பிறகு, "சாப்பிட்டியாட்டி?" என்று கேட்டாள்.